கஞ்சிக்குள்ளை என்ன கலந்தனீங்கள்?

வருத்தக்காரருக்குச் சாப்பாடு குடுக்கிற வேலை எண்டது பாதி சமையல், பாதி பொலிஸ் வேலை. ஊசி போடேக்கை கையை நீட்டிப்போட்டுப் பேசாமல் கிடக்கிற மனுசன், ஒரு கிளாஸ் பாலைக் கொண்டு போனால் எழும்பி இருந்து "இதென்ன? ஆர் தந்தது? ஏன் இந்த நிறம்?" எண்டு விசாரணை வைப்பார். ஊசிக்குள்ளை என்ன இருக்கு எண்டு ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதில்லை. கஞ்சிக்குள்ளை என்ன இருக்கு எண்டு கேளாத ஆள் இல்லை.

நான் அப்ப தீவுப்பகுதியில ஒரு சின்ன ஆசுபத்திரியில மிஸியாய், அதுதான் நேர்ஸாய், இருந்தனான். இந்திய ஆமி நிண்ட காலம். யாழ்ப்பாணம் பெரிய ஆசுபத்திரியில உயிர் தப்பி வீட்டை வாற ஆக்களைத் தேடிச் சைக்கிளில போய், அவையைத் தின்னப் பண்ணி எழுப்பி விடுறது என்ர பொறுப்பு. நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பிறந்த உடனை மருத்துவிச்சியைத்தான் முதல் முறைச்சுப் பாத்தனானாம் எண்டு அம்மா சொல்லுவா. உங்கட வீட்டிலையும் ஒரு வருத்தக்காரரை வைச்சுக்கொண்டு கரண்டியும் கையுமா நிண்டு சீரழிஞ்சிருந்தால், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிட்ட வந்து இருங்கோ.

மணந்து பாக்கிற அண்ணை

சுருவில் எண்ட ஊரில தருமு அண்ணை எண்டு ஒரு புகையிலைத் தோட்டக்காரர். நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபோயிட், முத்திக் குடல் ஓட்டையாகி, பெரிய ஆசுபத்திரியில வெட்டித் தைச்சு, கன நாளா மூக்காலை குழாய் விட்டுச் சாப்பாடு ஏத்தி, ஒரு மாதிரி உயிரோடை வீட்டை அனுப்பினவை. ஆள் வந்து சேர்ந்த கோலத்தைப் பாத்து நான் பயந்து போனன். சாரம் இடுப்பில நிக்கேல்லை. முதுகுக்குக் கீழை, படுத்த படுக்கையில வந்த புண் ஒண்டு உள்ளங்கை அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எங்கட டொக்டர் என்னை ஒரு பக்கமாக் கூப்பிட்டுச் சொன்னவர்: சதை வைச்சால்தான் புண் மூடும், திண்டால்தான் சதை வைக்கும், இல்லையெண்டால் தப்பி வந்த ஆள் இந்தப் புண்ணாலையே போயிடுவார். எல்லாத்தையும் ஒரே நாளில அடையாதையும், கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டும் எண்டும் சொல்லி விட்டவர்.

அண்ணையின்ர மனுசி மங்கை அக்கா பாவம், நான் சொன்னபடி பால்மாவைக் கரைச்சுக் கொண்டு வந்து நீட்டினா. மனுசன் வாயில வைக்கேல்லை. மூக்கில வைச்சார். ஒரு மூச்சு இழுத்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். குழாய் மணக்குதாம். முட்டையும் அப்பிடித்தான், மீன் சொதியும் அப்பிடித்தான். வெறும் அரிசிக் கஞ்சி மட்டும்தான் மணக்கேல்லையாம். நான் கெஞ்சிப் பாத்தன், பேசிப் பாத்தன், புண்ணைக் காட்டிப் பயப்படுத்தியும் பாத்தன். கடைசியா அண்ணை சுவரைப் பாத்தபடியே சொன்னார்: "எனக்குத் தெரியாமல் எனக்குள்ளை கண்டதையும் விட்ட காலம் முடிஞ்சுது மிஸி. இனி நான் மணந்து பாக்காமல் ஒண்டும் இறங்காது."

முட்டைப் படம் போட்ட பேணி

அந்தக் கிழமைதான் நயினாதீவில ஒரு குருக்கள் வீட்டுக்கும் போக வேண்டி வந்தது. குருக்களின்ர மகன் நெஞ்சுச் சளி முத்திச் சாகக் கிடந்து எழும்பினவர். சைவச் சாப்பாட்டுக்காரர் எண்டபடியால் நான் வலு கவனமா, வறுத்த உளுந்தும் பயறும் கடலையும் இடிச்சு மாவாக்கி, ஒரு பழைய பிஸ்கற் பேணியில போட்டுக்கொண்டு வள்ளமேறிப் போனன். என்ர கஷ்ட காலம், அந்தப் பேணியின்ர மூடியில ஒரு கேக் படம், கேக்குக்குப் பக்கத்தில ரெண்டு முட்டைப் படம். குருக்கள் பேணியைக் கையால தொடேல்லை. தள்ளி நிண்டு படத்தையே பாத்தார்.

நானும் ஒண்டும் ஒளிக்கேல்லை. என்னென்ன போட்டன், எங்கை வாங்கினன், ஆர் இடிச்சது எல்லாம் ஒண்டொண்டாச் சொன்னன். சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டு போச்சுது. இவ்வளவு சொல்லுறாள் எண்டால் எதையோ மறைக்கிறாள் எண்டு நினைச்சிருப்பார் போலை. சரி எண்டு அவையின்ர பித்தளைச் செம்பு ஒண்டை வாங்கி, அவற்ர கண்ணுக்கு முன்னாலேயே மாவை மாத்திக் குடுத்தன். குருக்கள் சிரிச்சார். "பாத்திரத்தை மாத்தினால் படம் போயிடும் பிள்ளை, உள்ளுக்கு இருக்கிறது போகுமோ?" எண்டு கேட்டார்.

வாய் ஒட்டின கதை

கடைசியில அந்த வீட்டுக் குசினியிலேயே, அவையின்ர உளுந்தை அவையைக் கொண்டே வறுப்பிச்சு, நெய்யும் பாலும் விட்டுக் களி கிண்டிக் குடுத்து ஒரு மாதிரித் தப்பினன். ஆனால் வள்ளத்தில திரும்பி வரேக்கை நல்ல கோவம். உண்மையைச் சொல்லித்தானே இந்தப் பாடு? தருமு அண்ணைக்கு ஒண்டும் சொல்லுறேல்லை, பேசாமல் கஞ்சிக்குள்ளை கலந்து விடுறது எண்டு வள்ளத்திலேயே முடிவெடுத்திட்டன். கலக்கிறதுக்கு நல்ல பால்மா வேணும். அது யாழ்ப்பாணத்திலதான். பேணி கிடைக்கேல்லை, கடையில நிறுத்து வெறும் பையில போட்டுத் தந்தாங்கள்.

பண்ணைப் பாலத்துச் சென்றியில, ஆமி நிண்டு சோதிக்கிற இடத்தில, என்னை மறிச்சாச்சு. வெள்ளை மா, பேரும் இல்லை ஊரும் இல்லை, ஒரு பை நிறைய. தமிழ் தெரிஞ்ச ஒரு ஆமிக்காரர் வந்து இதென்ன எண்டார். பால்மா எண்டன். நம்பேல்லை. சரி, திண்டு காட்டு எண்டார். நான் வீம்புக்கு ஒரு பெரிய கை நிறைய அள்ளி வாயில போட்டன். தண்ணியில்லாமல் பால்மா திண்ட ஆக்களுக்குத் தெரியும் என்ன நடக்கும் எண்டு. நாக்கு மேல்வாயோடை ஒட்டிப் போச்சுது. அவர் எந்த ஊர் எண்டு கேக்கிறார், எனக்கு வாயைத் திறக்க ஏலாது. பேர் என்ன எண்டு கேக்கிறார், "ம்ம்" எண்டு தலையை ஆட்டுறன். எனக்குப் பின்னாலை வரிசையில நிண்ட சனமெல்லாம் மெல்ல மெல்லத் தள்ளிப் போகுது. ஆமிக்காரர் துவக்கை நிமித்திப் பிடிச்சுக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, வாயில என்னத்தை ஒளிச்சு வச்சிருக்கே? பேச மாட்டேங்கிற!"

குசினிக்குப் பின்னாலை

தண்ணி வாங்கிக் குடிச்சு வாயைத் திறந்து காட்டித் தப்பி, ஒரு மாதிரிப் பால்மா சுருவிலுக்கு வந்து சேர்ந்தது. மங்கை அக்காவைக் குசினிக்குப் பின்னாலை கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினன். குழைய வெந்த அரிசிக் கஞ்சி, அதில அளவாப் பால்மா, அவிச்ச முட்டையின்ர மஞ்சள் மசிச்சு, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய், உப்பு. துணியால வடிச்சால் பாக்கிறதுக்கு வெறும் கஞ்சி மாதிரித்தான் கிடக்கும். நாலு தரம் ஐஞ்சு தரம் எண்டு கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்க வேணும். அண்ணைக்கு மட்டுமில்லை, ஒருத்தருக்கும் மூச்சு விடாதையுங்கோ எண்டு நான் ரெண்டு மூண்டு தரம் சொன்னன். சொல்லேக்கை வடிவான யோசனை எண்டுதான் எனக்குப் பட்டது.

அண்டைக்கு அண்ணை கஞ்சியை மணந்தார். கொஞ்ச நேரம் கிண்ணத்துக்குள்ளையே பாத்தார். பிறகு மங்கை அக்காவின்ர முகத்தைப் பாத்தார். பாத்துப்போட்டு ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிச்சு முடிச்சார். எனக்கு எண்டால் துள்ள வேணும் போலை இருந்தது. மங்கை அக்கா பால்மாப் பையைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ளை சீலைகளுக்குக் கீழை ஒளிச்சு வைச்சா. வைச்சுப்போட்டு வந்து என்ர காதுக்குள்ளை சொன்னா: "கலியாணம் கட்டின நாள் துவக்கம் இந்த மனுசனுக்கு ஒளிச்சு ஒண்டும் செய்யேல்லை மிஸி. இப்பதான் கள்ளி மாதிரிக் கஞ்சி காய்ச்சப் பழகிறன்."

பேணியை ஆட்டின நான்

தராசில ஏறி நிக்க ஏலாத ஆக்களுக்கு, நாங்கள் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில கையை அளவு நாடாவால சுத்தி அளக்கிறனாங்கள். கை பெருத்தால் சதை வைக்குது எண்டு அர்த்தம். தருமு அண்ணையின்ர கை முதல் கொஞ்சம் பெருத்தது. நான் டொக்டரிட்டைப் போய்ப் பெருமையடிச்சன். அடுத்த கிழமை அளந்தால் பழைய அளவு. அதுக்கடுத்த கிழமை அதுவும் இல்லை. புண் மூடுறதை விட்டிட்டு ஓரத்தால கறுக்கத் துவங்கிச்சுது. டொக்டர் வந்து பாத்திட்டு, குடுக்கிற சாப்பாடெல்லாம் உண்மையா உள்ளுக்குப் போகுதோ எண்டு என்னைக் கேட்டார்.

ஆர் மேலை சந்தேகப்படுறது? சமைக்கிற ஆள் மேலைதானே. பால்மாவை வித்துப் போடுறாவோ? வாற போற சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறாவோ? மங்கை அக்காவின்ர கன்னம் போன கிழமையைவிட உப்பிக் கிடக்கிற மாதிரியும் எனக்குப் பட்டது. சாம்பல் மேட்டில முட்டைக் கோது கிடக்கோ எண்டு போய்ப் பாத்தன், கிடந்தது. நாயைப் பாத்தன், அது தருமு அண்ணையிலும் மெலிவு. அவ கிணத்தடிக்குப் போன நேரம் பாத்து அலுமாரியைத் திறந்தன். பால்மாவை இப்ப ஒரு பேணியில மாத்தி வைச்சிருந்தா. அதை எடுத்துக் காதுக்குக் கிட்ட வைச்சு ஆட்டிப் பாத்துக்கொண்டிருக்கிறன், வாசலில மங்கை அக்கா ஈரக் கையோடை நிக்கிறா. "பேணியை ஆட்டிப் பாக்கிறியளோ மிஸி? வாங்கோ, என்ர வயித்தையும் ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ."

கோயிலுக்குப் போன நேரம்

ஒரு வெள்ளிக்கிழமை காத்து அடிச்சு நயினாதீவு வள்ளம் போகேல்லை. சும்மா நிப்பானேன் எண்டு, முறையில்லாத நாளில சுருவிலுக்குச் சைக்கிளை விட்டன். மங்கை அக்கா கோயிலுக்குப் போயிருந்தா. உள்ளுக்குப் போனால், தருமு அண்ணை கட்டில் ஓரத்தில குனிஞ்சிருந்து ஓங்காளிச்சு ஓங்காளிச்சு ஒரு சட்டிக்குள்ளை சத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். அவற்ர நெத்தியைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு அவற்ர தமக்கை பூமணி அக்கா. அடுத்த வளவுக்காரி, வேலியில கிடக்கிற பொட்டாலை, அந்த ஓட்டையாலை, பூந்து வாறவ. மற்றக் கையில ஏதோ கசாயம். சட்டிக்குள்ளை கிடக்கிறது என்ர பால்மா, என்ர முட்டை மஞ்சள். சத்து, சத்து எண்டு நான் குடுக்க, அது அப்பிடியே சத்தியாய் வெளியிலை வந்துகொண்டிருந்திருக்கு.

"கோதாரி, வயிறு தைச்ச மனுசனையெல்லோ சத்தி எடுக்கப் பண்ணுறியள்! என்ன வேலை பாக்கிறியள்?" எண்டு கத்தினன். பூமணி அக்கா அசையேல்லை. மங்கை அக்கா குசினிக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு கஞ்சியில வெள்ளைத் தூள் கலக்கிறதை வேலிப் பொட்டாலை தன்ர கண்ணாலை கண்டவவாம். அந்தத் தூளைச் சீலைக்குக் கீழை ஒளிச்சு வைக்கிறதையும் கண்டவவாம். எங்கட ஊரில ஒரு பொம்பிளை புருசனுக்கு மருந்து போட்டிட்டாள் எண்டால் அது டொக்டர் எழுதின மருந்து இல்லை. ஆளைத் தன்ர சொல்லுக்கு ஆட்டிவைக்கச் சாப்பாட்டில கலந்து குடுக்கிறது. காணியை எழுதி வாங்கத்தான் மங்கை இப்பிடிச் செய்யிறாள் எண்டு பூமணி அக்கா முடிவு கட்டி, அவ கோயிலுக்கும் சந்தைக்கும் போற நேரமெல்லாம் கசாயத்தைப் பருக்கி அந்த மருந்தை எடுத்திருக்கிறா. அது பால்மா, நான்தான் கலக்கச் சொன்னனான் எண்டு தலையில அடிச்சுச் சொன்னன். "நீர் ஆசுபத்திரி மிஸி. உமக்கு ஆசுபத்திரி மருந்து தெரியும், பொம்பிளையளின்ர மருந்து தெரியாது" எண்டா.

நான் அண்ணையின்ர பக்கம் திரும்பினன். "அண்ணை, நீங்களுமோ இதை நம்பினனீங்கள்?" மனுசன் வாயைத் துடைச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்தார். "முதல் நாளே மணந்து கண்டுபிடிச்சிட்டன் மிஸி, ஏதோ கலந்து கிடக்கு எண்டு. அவள் ஆசையாக் கொண்டு வந்து தரேக்கை வேண்டாம் எண்டு சொல்ல வாய் வரேல்லை. குடிச்சிட்டு, பிறகு அக்காவைக் கொண்டு எடுப்பிக்கிறனான்."

பூமணி அக்காவின்ர நாக்கு

இதை அவர் சொல்லி முடிக்க, மங்கை அக்கா அருச்சனைத் தட்டோடை வாசலில நிக்கிறா. எவ்வளவு நேரம் நிண்டவவோ தெரியாது. தட்டை வைச்சிட்டு உள்ளுக்குப் போய்ப் பால்மாப் பேணியையும் முட்டைகளையும் எடுத்து வந்து மேசையில வைச்சா. "இந்தாங்கோ மச்சாள். இனி நீங்களே சமைச்சுக் குடுங்கோ" எண்டிட்டுக் குசினிக் கதவைப் பூட்டினா. பூமணி அக்காவும் விடேல்லை, தான் பத்தியமாப் பாக்கிறன் எண்டு வெறும் கஞ்சித் தண்ணியும் வறுத்த உப்பும் கொண்டு வந்து குடுக்கத் துவங்கினா. ரெண்டு நாள் கழிச்சுப் போய்ப் பாத்தால் அண்ணைக்குக் கண்ணைத் திறக்கவே பெலன் இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, ரெண்டு பேரையும் பிடிச்சுச் சாத்த வேணும் போலையும் வந்தது.

அண்டைக்குப் பின்னேரம் மங்கை அக்காவின்ர காலில விழாத குறை. "உங்களுக்குக் கோவம் எண்டால் அவர் எழும்பின பிறகு வைச்சு வாங்குங்கோ. இப்ப விட்டால் கோவிக்கிறதுக்கும் ஆள் இருக்காது" எண்டன். பூட்டின குசினிக் கதவைத் திறந்து, சட்டியை எடுத்துக்கொண்டு வெளியிலை வந்தா. முத்தத்தில மேசையைப் போட்டு, அண்ணையைக் கதிரையில தலையணையோடை சாத்தி இருத்தி, மங்கை அக்கா எல்லாருக்கும் முன்னாலை கலக்கிறது, பூமணி அக்கா முதல் ஒரு கிண்ணம் குடிச்சுக் காட்டுறது எண்டு சட்டம் போட்டன். பூமணி அக்கா முதல் நாள் திருநீறு பூசி, முருகா எண்டு கண்ணை மூடிக்கொண்டு குடிச்சா. எல்லாரும் அவவையே பாத்துக்கொண்டிருந்தம். கண்ணைத் திறந்தவ, சீனி கொஞ்சம் போட்டால் என்ன எண்டு கேட்டா.

அதுக்குப் பிறகு அவவை நிப்பாட்ட ஏலாமல் போச்சுது. நேரத்துக்கு நேரம் பொட்டாலை பூந்து வந்து கிண்ணத்தோடை இருந்திடுவா. அண்ணையின்ர கையைவிட அவவின்ர கைதான் கெதியாப் பெருத்தது. ஆனால் ஒண்டு சொல்ல வேணும், அவ அப்பிடிக் காவல் இருந்தபடியால் ஒரு நேரம் தப்பேல்லை, ஒரு கரண்டி குறையேல்லை. ஒரு நாள் நான் படலையைத் திறக்க முந்தியே ஓடி வந்து முறைப்பாடு வைச்சா: "பிள்ளை, இண்டைக்கு முட்டை ஒண்டு குறையுது, நாக்கில வைச்ச உடனை எனக்குத் தெரியும். இவள் என்ர தம்பியைப் பட்டினி போடப் பாக்கிறாள்!"

புண் மூடின பிறகு

புகையிலை நடுற நேரம் தருமு அண்ணை தடியை ஊண்டிக்கொண்டு தோட்ட வரம்பில நிண்டார். புண் இருந்த இடத்தில புதுத்தோல் வடிவாப் பிடிச்சிட்டுது. டொக்டரே ரெண்டு தரம் தடவிப் பாத்தவர். இப்ப மீன் சொதி, நண்டு, ஒடியல் கூழ் எல்லாம் இறங்குது. ஒவ்வொரு நேரமும் சாப்பாடு வர, "இதுக்குள்ளை என்ன மருந்து போட்டனீர்?" எண்டு அண்ணை மங்கை அக்காவிட்டைப் பகிடி விடுவாராம். பூமணி அக்கா வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிப்பாவாம். நான் இருக்கேக்கையும் அந்தப் பகிடி ஒருக்கா நடந்தது, நானும் சேர்ந்து சிரிச்சன். சிரிச்சுக்கொண்டே பாத்தன், மங்கை அக்கா கறியைப் போட்டிட்டுக் குசினிக்குள்ளை போயிட்டா.

கடைசி நாள் படலை மட்டும் என்னோடை வந்தவ. உங்கட கையாலதான் அக்கா அவர் எழும்பினவர் எண்டு நான் மனசாரச் சொன்னன். அவ வேலி ஓலையைப் பிடிச்சபடி நிண்டா. "அவருக்கு ஆறிட்டுது மிஸி, எனக்கும் சந்தோசம்தான். ஆனால் நான் குடுத்ததை என்ர முகத்துக்கு முன்னாலை சிரிச்சுக் குடிச்சுப்போட்டு, நான் அங்காலை போக இருந்து சத்தி எடுத்தாரே, உலையில அரிசி போடேக்கையெல்லாம் எனக்கு அதுதான் நினைவு வருது. அதுக்கு நீங்கள் எனக்கு என்னத்தைக் கலந்து தருவியள்?"

எங்கட வேலைக்கு அரசாங்கம் கரண்டி தந்தது, அளவு நாடா தந்தது, மிச்சத்தை நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ எண்டு விட்டிட்டுது.